எந்த ராமசாமி?

இன்றைய அரங்கில் பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பெயர்: ராமசாமி. இதைச் சொன்னவுடன் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். பேராக்கில் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் ராமசாமி என்றொரு தாத்தாவோ, பெரியப்பாவோ, பக்கத்து வீட்டு மாமாவோ இல்லாத குடும்பம் அபூர்வம்.

1947-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பதவியேற்கிறார் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திருவாங்கூர் சமஸ்தானத்தின் திவானாக இருக்கிறார் சி.பி.ராமசாமி ஐயர். மைசூர் திவான் யார் என்றால் ஆற்காடு ராமசாமி முதலியார். ஐ.நா. சபையின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு 1946-இல் முதல் தலைவராக அமர்ந்தவரும் அவர்தான். இவர்கள் எல்லாருக்கும் எதிர்ப்பக்கத்தில் கறுப்புச் சட்டையோடு நின்றவர் ஈ.வெ.ராமசாமி. ஒரே காலத்தில் நான்கு ராமசாமிகள்! ஆனாலும் அன்று பத்திரிகை படித்த யாரும் ஒருவரை இன்னொருவராக நினைத்துக் குழம்பியதில்லை. ஒருவருக்கு முன்னால் ஊர் இருந்தது. இன்னொருவருக்கு இனிஷியல் இருந்தது. மூவருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருந்தது. நான்காமவர் அதைத் தூக்கி எறிந்தவர், 'ஈ.வெ.ரா.' என்ற மூன்று எழுத்தே அவருக்குப் போதுமாக இருந்தது.

அதே ஆண்டு, பேராக்கில் ஏதோ ஒரு ரப்பர் தோட்டம். விடிவதற்கு முன் பெரட்டு. கிராணி விளக்கு வெளிச்சத்தில் செக்ரோலைப் பிரித்து, "ராமசாமி!" என்று கூப்பிடுகிறார். மூன்று குரல்கள் பதில் சொல்கின்றன. ஊர், இனிஷியல், பட்டம் எதுவும் கிடையாது. செக்ரோல் என்பது சம்பளக் கணக்குக்காக வைத்த புத்தகம். வம்சாவளி எழுதுவதற்கு அல்ல.

வெள்ளைக்காரர்களுக்கோ அந்த வேறுபாடுகூடத் தேவைப்படவில்லை. 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்திய அகராதியில் 'ராமசாமி' என்று ஒரு பதிவே இருக்கிறது. தென்னாட்டு இந்துக்களுக்கெல்லாம் பொதுப்பெயர் என்று அதற்குப் பொருள் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது பொருள் இன்னும் விசேஷம்: சுருட்டுப் பற்றவைக்கும் பஞ்சுத் திரிக்கும் அதே பெயராம்! தென்னாப்பிரிக்காவில் இன்னும் சுருக்கி, 'சாமி' என்றே எல்லா இந்தியரையும் அழைத்தார்கள். காந்தியடிகள் தம் சுயசரிதையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உங்கள் எஜமான் அல்லவே என்று சாமர்த்தியசாலிகள் சிலர் திருப்பிக் கொடுப்பார்களாம். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், ஒரு மனிதனின் பெயரே அவனை அடையாளம் தெரியாமல் ஆக்கிய கதை அது.

சரி, நம்மிடையே இத்தனை ராமசாமிகள் எப்படி வந்தார்கள்? பெரும் பங்கு நம் வழக்கத்தினுடையது. மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது நம்மவர் பழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் 'பெயரன்'. அதுவே பேச்சில் 'பேரன்' ஆயிற்று. முனியாண்டியின் மகன் ராமசாமி. ராமசாமியின் மகனுக்கு முனியாண்டி என்று பெயர் வைக்கிறார்கள். அந்த முனியாண்டியின் மகன் மறுபடியும் ராமசாமி. இப்போது தாத்தாவும் பேரனும் 'ராமசாமி த/பெ முனியாண்டி'. ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை! அண்ணன், தம்பி இருவருமே தங்கள் மூத்த மகனுக்கு ஒரே தாத்தாவின் பெயரை வைத்துவிட்டால், ஒரே லயத்தில் ஒரே வயதில் இரண்டு ராமசாமிகள் ஓடி விளையாடுவார்கள்.

தோட்டத்து மக்கள் இதற்கு வழி கண்டுபிடிக்காமல் இல்லை. நெட்டை ராமசாமி, குட்டை ராமசாமி, பால் ஸ்டோர் ராமசாமி, லோரி ராமசாமி, மேட்டு லயத்து ராமசாமி என்று ஆளுக்கு ஓர் அடைமொழி ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு அசல் பெயரே மறந்து, பட்டப்பெயரே நிலைத்துவிடும். அதில் கேலி இருந்தது, சில சமயம் குத்தலும் இருந்தது. ஆனாலும் யாரும் யாரோடும் குழம்பியதில்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லாத அந்தக் காலத்துப் பெண்களுக்கும் இதுவே கைகொடுத்தது. "மேட்டு லயத்துக்காரர்" என்றால் போதும், கேட்டவருக்குப் புரியும். ஆனால் அரசாங்கக் கௌண்டரில் புரியாதே! பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "நீ சொல்லுடா" என்பார்கள். பிள்ளை சொல்வது பதிவாகும்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் மலாயா வந்து, நம் ஈப்போவில் நடந்த தமிழர் சீர்திருத்த மாநாட்டில் பேசினார். பட்டம் போனது நல்லதற்கே; அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் பட்டம் இருந்த இடத்தில் படித்தவர்களுக்கு இனிஷியலும் தொழிலும் வந்து உட்கார்ந்தன. நம் சித்தியவானில் பிறந்து, 2008 முதல் 2023 வரை பினாங்கின் இரண்டாவது துணை முதல்வராக இருந்தவரை 'பேராசிரியர் பி.ராமசாமி' என்று சொன்னால் நாடே அறியும். பால்மரம் வெட்டிய ராமசாமிக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

இதன் விலை எவ்வளவு என்பது ஜப்பானியர் காலத்தில் தெரிந்தது. 1942, 43-இல் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் பல்லாயிரம் பேர் பலியாகியிருந்தார்கள். இன்று காஞ்சனாபுரிக்குப் போனால் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் மயானத்தைப் பார்க்கலாம். ஏறக்குறைய 7,000 கல்லறைகள். மிகப் பெரும்பாலானவற்றில் பெயர், படை எண், பதவி, இறந்த தேதி எல்லாம் பொறித்திருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு சிப்பாய்கள் கிடந்தாலும் எண் அவர்களைப் பிரித்துக் காட்டும். நம்மவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. உயிரோடு திரும்பியவர்கள் "ராமசாமி போயிட்டான்" என்று வந்து சொன்னாலும், எந்த ராமசாமி என்று வீட்டுக்கு வீடு பதற வேண்டியிருந்தது. மாண்ட தமிழர்களுக்காக அங்கே நடுகல் எழுந்தது 2023-இல்தான். எண்பது ஆண்டுகள் கழித்து.

தனித்தனி எண் நமக்கு வந்து சேர்ந்தது வேறொரு வழியில். அதுவும் நம் பேராக்கிலிருந்தே தொடங்கியது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று ஆங்கிலேயத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அதே ஆண்டில், 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் புகைப்படமும் கைரேகையும் கொடுத்து அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கம்யூனிஸ்டுகளைப் பிரித்தெடுக்கக் கொண்டுவந்த கெடுபிடி அது. ஆனால் தோட்டத்து ராமசாமிகள் பலருக்கு, சொந்த முகமும் சொந்த எண்ணும் உள்ள முதல் காகிதம் அதுதான்! இன்றைய மைகாட்டின் 12 இலக்க எண்ணில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக்கில் பிறந்தவர்களுக்கு 08.

அதோடு தொல்லை தீர்ந்ததா? எண் அட்டைதாரரைப் பிரித்துக் காட்டும், பெயரைச் சரிசெய்யாது. பிறப்புப் பத்திரத்தில் தோட்டக் கிராணி 'சாமி'யை ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதியிருப்பார், ஐ.சி.யில் பதிவு இலாகா வேறு மாதிரி எழுதியிருக்கும். கல்யாணப் பத்திரத்தில் மூன்றாவது மாதிரி. ஊழியர் சேமநிதிப் பணத்துக்கோ, பிள்ளையின் குடியுரிமை விண்ணப்பத்துக்கோ போகும்போது, மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். வெவ்வேறு ஆட்களை ஒரே ஆளாக நினைத்த காலம் போய், ஒரே ஆளை வெவ்வேறு ஆட்களாக நினைக்கிற காலம் வந்தது. எங்கள் நிகழ்ச்சிக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த ரகம்தான்.

முன்பெல்லாம் இதற்குச் சாட்சி சொல்ல லயமே திரண்டு வரும். இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டன. லயத்து மக்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட் டவுனுக்கும் கிள்ளானுக்கும் சிதறிப் போனார்கள். நெட்டை ராமசாமி யார், மேட்டு லயத்து ராமசாமி யார் என்று தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். நேயர்களே, இந்த வார இறுதியில் அப்படி ஒரு பெரியவரைப் பார்க்கப் போனால் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். தாத்தாவின் தகப்பனார் பெயர், தமிழகத்தில் அவருடைய ஊர், எந்தத் தோட்டம், எந்த லயம், கோயில் நன்கொடை நோட்டில் பெயர் எப்படி எழுதியிருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முக்கியமாக, அவரைத் தோட்டத்தில் என்ன பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதை எந்த இலாகாவும் பதிவு செய்து வைக்கவில்லை.