முழங்காலுக்கு வந்த மரப்பு ஊசி

1898 ஆகஸ்ட் 24. ஜெர்மனியின் கீல் நகரம். அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர் தன் முதுகுத்தண்டில் கோகைனைச் செலுத்தச் சொல்லி உதவியாளர் ஹில்டெப்ரண்ட்டிடம் முதுகைக் காட்டினார். சிரிஞ்சு ஊசியோடு பொருந்தவில்லை. மருந்தும் தண்டுவட நீரும் ஒழுகிப்போயின. உடனே இடம் மாறிக்கொண்டார்கள். இந்த முறை ஊசி சரியாக இறங்கியது. பியர் உதவியாளரின் கணைக்காலில் இரும்புச் சுத்தியலால் அடித்தார், எரியும் சுருட்டை வைத்துப் பார்த்தார். வலியே இல்லை. இருவரும் ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். பிறகு வந்த தலைவலி பியரைப் பல நாள் படுக்கையில் தள்ளியது.

இன்று முழங்கால் மூட்டு மாற்று அறுவை பெரும்பாலும் அதே தண்டுவட ஊசியில்தான் நடக்கிறது. மருந்துதான் வேறு.

கோகைன் அடிமைப்படுத்தும். நரம்பருகே அதைச் செலுத்திப் பழகிய அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் தானே அதில் சிக்கினார். 1905-இல் புழக்கத்துக்கு வந்த நோவகைனில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் சீக்கிரம் தெளிந்துவிடும். 1943-இல் ஸ்டாக்ஹோமில் லோஃப்கிரென், லுண்ட்குவிஸ்ட் இருவரும் உருவாக்கிய லிக்னோகைன் வேகமாக வேலை செய்தது. ஜைலோகைன் என்ற பெயரில் நம்மூர்ப் பல் டாக்டர் வரை வந்து சேர்ந்தது அதுதான். அதுவும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான்.

மூட்டு மாற்றிக்கொண்டவருக்கு உண்மையான வலி, தண்டுவட ஊசி தெளிந்த பிறகே தொடங்குகிறது. 1957-இல் சுவீடனில் பிறந்த பியூபிவக்கைன் பல மணி நேரம் தாங்கியது. ஆனால் தவறி ரத்தக்குழாயில் ஏறினால் இதயத்தையே நிறுத்திவிடும். ஒருமுறை நின்றால் மீட்பது கடினம். 1979-இல் ஜார்ஜ் ஆல்பிரைட் என்ற மயக்க மருத்துவர் இந்த ஆபத்தை வெளிப்படையாக எழுதினார். 1996-இல் சந்தைக்கு வந்த ரோபிவக்கைன் இதயத்தை அவ்வளவு தாக்குவதில்லை.

மருந்தைப் போலவே அதைச் செலுத்தும் இடமும் மாறியது. தொடை நரம்பில் ஊசி போட்டால் வலி போகும், கூடவே தொடைத் தசையின் வலுவும் போகும். எழுந்து நின்றால் கால் மடங்கிவிடும். அதனால் பல மருத்துவர்கள் தசை அதிகம் தளராதபடி, தொடையின் உட்புறத்தில் உள்ள அடக்டர் கால்வாய் என்ற பகுதிக்கு ஊசியைக் கீழிறக்கினார்கள்.

சிட்னி மருத்துவர்கள் கெர், கோஹன் இருவரும் வேறு வழியில் போனார்கள். ரோபிவக்கைன், கீட்டோரோலாக் என்ற வலிநிவாரணி, அட்ரினலின் மூன்றையும் கலந்து, அறுவையின்போதே மூட்டைச் சுற்றிய திசுக்களில் ஏற்றினார்கள். இடுப்பு, முழங்கால் அறுவை செய்துகொண்ட 325 பேரைப் பற்றி 2008-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் ஐந்தாறு மணி நேரத்தில் துணையோடு நடந்திருந்தார்கள்.

அடுத்து, பியூபிவக்கைனை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்து மெல்லக் கசியவிடும் மருந்து வந்தது. 2011-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. பிரிட்டனில் முழங்கால் மாற்றிக்கொண்ட 533 பேரிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. சிலருக்குச் சாதா பியூபிவக்கைன் மட்டும், மற்றவர்களுக்குக் குமிழி மருந்தும் சேர்த்து. மூன்று நாள் வரை வலியைக் கணக்கெடுத்ததில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. விலையில் மட்டும் பல மடங்கு வித்தியாசம் இருந்தது.