குண்டுச் சத்தமும் அம்மாவின் மடியும்

1939 செப்டம்பர் 1. ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்த அதே நாளில் இங்கிலாந்தின் ரயில் நிலையங்களில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி, சட்டையில் பெயர்ச்சீட்டு. லண்டன் போன்ற நகரங்களில் குண்டு விழும் என்று பயந்த அரசு, மூன்று நாட்களில் சுமார் 15 லட்சம் பேரைக் கிராமங்களுக்கு அனுப்பியது. அவர்களில் பாதிக்கு மேல், பெற்றோரைப் பிரிந்து ஆசிரியர்களோடு போன பிள்ளைகள்.

1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டுக்குப் பயந்து சென்னை காலியான கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கே தாயும் பிள்ளைகளுமாகத்தான் ஊருக்கு ரயில் ஏறினார்கள். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை லண்டனில் ஒரு பெண்மணி கண்டுபிடித்தார்.

அவர் சிக்மண்ட் பிராய்டின் கடைசி மகள் அன்னா பிராய்டு. நாஜிகளிடமிருந்து தப்பி 1938-ல் வியன்னாவிலிருந்து குடும்பத்தோடு லண்டன் வந்தவர். தோழி டோரதி பர்லிங்ஹாமுடன் சேர்ந்து, அமெரிக்க நன்கொடையில் ஹாம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைகள் இல்லத்தை நடத்தினார். வீடு இடிந்தவர்கள், அப்பா ராணுவத்திலும் அம்மா தொழிற்சாலையிலும் இருந்தவர்கள் என்று பல குழந்தைகள் அங்கே வந்தார்கள்.

குண்டுச் சத்தம்தான் பிள்ளைகளை அதிகம் பாதித்திருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். அங்கே கண்டது வேறு. தாயின் பக்கத்திலேயே இருந்த சிறு பிள்ளைகள், அவள் பதறாமல் இருந்தால் தாங்களும் பெரிதாகப் பதறவில்லை. திடீரென்று தாயைப் பிரிந்த பிள்ளைகள்தான் ஒடிந்து போனார்கள். நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் சிலரிடம் திரும்ப வந்தது. சிலருக்குக் கற்ற பேச்சே குறைந்தது.

அதனால் இல்லத்தின் நடைமுறைகளும் மாறின. தாய்மார் எந்த நேரமும் வந்து பார்க்கலாம். முதலில் எல்லாத் தாதிகளும் எல்லாப் பிள்ளைகளையும் கவனித்தார்கள். பிறகு நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு தாதி என்று சிறு 'குடும்பங்களாக' பிரித்தார்கள். உடனே பொறாமையும் அழுகையும் கூடின. ஆனால் பேச்சும் நல்ல பழக்கங்களும் வேகமாக வளர்ந்தன. பிள்ளைகள் பொம்மை வீடு கட்டிக் குண்டு போட்டு இடித்து விளையாடினால் யாரும் தடுக்கவில்லை. வாயால் சொல்லத் தெரியாததை அவர்கள் விளையாட்டில்தானே சொல்ல முடியும்?

அங்கே வேலை செய்த எல்லோரும் பிள்ளைகளிடம் கண்டதைச் சீட்டில் எழுதிவைக்க வேண்டும். கொதிகலன் பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சனுக்கும் அதே விதி. அந்த ஸ்காட்லாந்துக்காரர் அங்கே கற்றதை விடவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பிள்ளையைப் பார்க்கப் பெற்றோருக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுச் சிறுமி எப்படி மெல்ல வாடிப்போனாள் என்பதை ராபர்ட்சன் படம் பிடித்து 1952-ல் திரையிட்டார். டாக்டர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் 1959-ல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கச் சொன்னது.

நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரப் பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கும் தாயை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அந்த எளிய உரிமை அங்கே கிடைப்பதற்கு ஒரு பெரும் போரும், கொதிகலன் பார்த்த ஒருவரின் பிடிவாதமும் வேண்டியிருந்தன.