கோடை விடுமுறையும் கற்றல் இழப்பும்: மைசூரு மாவட்டத்தை முன்வைத்து

கர்நாடக அரசுப் பள்ளிகள் ஏப்ரல் இரண்டாம் வாரம் மூடினால் மே இறுதியில்தான் திறக்கும். ஏறக்குறைய ஏழு வாரம். அதற்குள் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில்தான் விடுமுறை வீட்டுப்பாடமும் டியூஷனும் செழிக்கின்றன. எது மறக்கிறது, யாருக்கு மறக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் இவ்விரண்டுமே குறிதவறிய மருந்துகள் என்பது தெரியும்.

ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் 39 அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரிச் சரிவு ஒரு மாதப் படிப்புக்குச் சமம். கணக்குப் போடுவதிலும் எழுத்துக்கூட்டலிலும் சரிவு கூடுதல். வாசிப்பு வேறு கதை: நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் கோடையில் சற்று முன்னேறினார்கள், ஏழைப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பால்டிமோர் மாணவர்களை 1982 முதல் தொடர்ந்து கவனித்த என்ட்விசில், அலெக்சாண்டர் குழுவினர் இதைக் குழாய் உவமையால் விளக்கினார்கள். பள்ளி நடக்கும்வரை குழாய் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மூடியபின் வீட்டில் தொட்டி வைத்திருப்பவருக்கு மட்டுமே தண்ணீர். ஆனால் பால் வான் ஹிப்பல் போன்றோர், அந்தப் பழைய தேர்வுகளின் அளவுகோலே பழுது, புதிய தேர்வுகளில் இந்த இடைவெளி அதே அளவில் தெரியவில்லை என்று மறுத்திருக்கிறார்கள். மறுப்பு வலுவானது. ஆகவே அமெரிக்க எண்களை அப்படியே இங்கே இறக்குமதி செய்வதற்கில்லை.

நம் பக்கத்துச் சான்று பெருந்தொற்றுக் காலத்தது. அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 2021 ஜனவரியில் கர்நாடகம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் 16,067 குழந்தைகளை ஆராய்ந்தது. முந்தைய ஆண்டு கைவந்திருந்த மொழித்திறன்களில் ஒன்றையாவது 92 விழுக்காட்டினரும், கணிதத்திறன்களில் ஒன்றையாவது 82 விழுக்காட்டினரும் இழந்திருந்தனர். பத்து மாத அடைப்பை ஏழு வார விடுமுறையாகச் சுருக்கிப் படிப்பது தவறு. மீட்சிக்கான பாடம் தமிழ்நாட்டில் கிடைக்கிறது. பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடானதென்றும், அந்த ஈட்டில் ஏறத்தாழ கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியின் மாலை வகுப்புகளால் என்றும் அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் கணித்தார்கள். தன்னார்வலர்கள் தெருவிலேயே நடத்திய வகுப்புகள் அவை. பிள்ளை போக வேண்டிய தூரம் அநேகமாக இல்லை. என் வாதத்துக்கு இதுவே முக்கியம்.

மைசூருவில் கோடை என்றதும் நினைவுக்கு வருவது ரங்காயணாவின் சின்னர மேளா என்ற பிள்ளைகள் முகாம். பி.வி. காரந்த் 1989இல் தொடங்கிய அந்த நாடக அமைப்பு, பிள்ளைகளுக்குப் பாட்டும் முகமூடியும் நாட்டார் கலையும் பழக்கி, நிறைவில் நாடகம் போட வைக்கிறது. வசனத்தை மனனம் செய்து, உரக்கச் சொல்லி, மற்றவர் சொல்வதைக் கேட்டு மாற்றும் பிள்ளைக்கு வேறு மொழிப்பயிற்சி தேவையில்லை என்றே சொல்வேன். ஆயினும் நாடகம் வகுத்தலைக் கற்றுத்தராது. கூப்பர் தொகுப்பின்படி அதிகம் தேய்பவற்றில் கணக்குப் போடுவதும் ஒன்று. தவிர, இது நகரத்து முகாம். எச்.டி. கோட்டையின் ஜேனு குருபர் ஹாடியிலிருந்து (பழங்குடிக் குடியிருப்பிலிருந்து) பிள்ளையை ஒரு மாதம் யார் தினமும் கூட்டிவருவது? அக்குடும்பங்களில் பல, குடகுத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போகின்றன.

முகாம் ஊருக்குப் போக வேண்டும். அதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது: கிராம பஞ்சாயத்து நூலகம். 2020இல் வந்த ‘ஓதுவ பெளகு’ திட்டத்தில் ஆறு முதல் பதினெட்டு வயது வரை உறுப்பினர் கட்டணம் இல்லை. ரங்காயணா பயிற்சி பெற்ற கலைஞர் ஒருவர், உள்ளூர் இளைஞர் இருவர், காலையில் கதையும் நடிப்பும், அரைமணி வாய்க்கணக்கு: இவ்வளவு போதும். கூடவே சோறு. வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தரவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே ஆணையிட்டிருக்கிறது. பசியோடு வந்தவனிடம் வாய்ப்பாடு கேட்பதில் பொருளில்லை.

வீட்டுப்பாடம் ஏன் போதாது? அதைத் திருத்த வீட்டில் ஆள் உள்ள பிள்ளைக்கே அது பயன்படும். குழாய் உவமையில் பார்த்த தொட்டி அங்கே முன்பே நிறைந்திருக்கிறது. முகாம் நடந்த ஊரிலும் நடக்காத ஊரிலும் ஒரே சிறு தேர்வைக் கடைசி வேலைநாளிலும் பள்ளி திறந்த முதல் வாரத்திலும் வைத்தால், மைசூருவுக்கென்று ஓர் எண் கிடைக்கும். வான் ஹிப்பலின் ஐயத்துக்குத் தாக்குப்பிடிக்க, இரு முறையும் அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும்.