அக்கியும் செங்காவியும்

உதட்டோரம் எனக்கு அடிக்கடி கொப்புளம் வரும். ரிலீஸ் சமயத்துல தூக்கம் கெட்டா கண்டிப்பா வரும். :-)

எங்க அம்மிச்சி இதை "அக்கி"ம்பாங்க. பொள்ளாச்சிப் பக்கம் அந்தக் காலத்துல அக்கின்னா குயவர் வீட்டுக்குத்தான் போவாங்களாம். அவர் செங்காவியைக் குழைச்சு புண் மேல எழுதி விடுவார். (டாக்டருங்க அக்கின்னு சொல்றது ஹெர்பிஸ் ஜோஸ்டர். உதட்டுல வர்றது பெரும்பாலும் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ். ரெண்டும் பங்காளிங்க!) காவி வைரஸைக் கொல்லாது. ஆனா முகத்துல செவப்பா எழுதியிருந்தா ஊருக்கே தெரியும், தனியா சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அசைக்ளோவிர் வந்துச்சு. 1982-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. அந்த ஆராய்ச்சியை நடத்தின கெர்ட்ரூட் எலியன் 1988-ல நோபல் பரிசைப் பகிர்ந்துகிட்டாங்க. மருந்து புண்ணைச் சீக்கிரம் ஆத்தும், ஆனா நரம்புல ஒளிஞ்சிருக்கற வைரஸை ஒழிக்காது. கொப்புளம் இல்லாதப்பவும் முத்தத்துல பரவலாம். உலக சுகாதார நிறுவனத்தோட 2020 கணக்குப்படி 50 வயசுக்குக் கீழ சுமார் 380 கோடி பேருக்கு இது இருக்கு.

ஆக, அன்னிக்குக் காவி சொன்னதை இன்னிக்கு வாய்தான் சொல்லணும். நிச்சயத்துக்கு முன்னாடியே அவங்ககிட்ட சொன்னேன்.

"கொப்புளம் இருக்கறப்ப தள்ளி இருந்தா போதுங்களா?"

"ஆபத்து குறையுங்க. முழுசாப் போகாதுங்க."

"யோசிச்சுச் சொல்றனுங்க"ன்னாங்க. நியாயந்தானே?