தீட்டு என்ற சொல்லும் நம் பெண்களின் வலியும்



2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்பு தலித் மாணவி ஒருவர் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதினார். அந்தக் காணொளியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவர் அப்போதுதான் வயதுக்கு வந்திருந்தார். வெளியே உட்காரவைக்க அதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு பலரும் ஒரு கேள்வி கேட்டார்கள்: இது சாதித் தீண்டாமையா, மாதவிடாய்த் தீட்டா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இந்தக் கேள்வியே தவறு. ஏன் தவறு என்று புரிந்துகொள்ள, கொஞ்சம் வரலாற்றுக்குள் போக வேண்டும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தீட்டு, தீண்டாமை இரண்டும் 'தீண்டு' என்ற ஒரே வினையிலிருந்து வந்தவை. மொழியில் மட்டும் இந்த உறவு இல்லை, சாத்திரத்திலும் இருக்கிறது. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் 85ஆம் சுலோகம், யாரைத் தொட்டால் குளிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுகிறது. சண்டாளர், மாதவிலக்கில் இருக்கும் பெண், சாதியிலிருந்து தள்ளப்பட்டவர், பிள்ளை பெற்றவள், பிணம். ஒரே வரிசை, ஒரே பரிகாரம். அதற்கும் முன்னால் தைத்திரீய சம்ஹிதை, பார்ப்பனக் கொலை செய்த இந்திரனின் பாவத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்கள் ஏற்றதால்தான் மாதவிடாய் வந்தது என்று கதை சொல்கிறது. கொலை செய்தது ஒருவன், கறை சுமப்பது வேறொருவர். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டபோது, இந்தப் பட்டியலும் சேர்ந்துதான் எரிந்தது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு தீட்டும் ஒரே வேரில் வந்தவை என்பதால் இரண்டும் சமம் ஆகிவிடாது. ஆதிக்கச் சாதிப் பெண்ணின் தீட்டு நான்காம் நாள் தலைக்குக் குளித்தால் போய்விடும். நம்முடையது எத்தனை முறை குளித்தாலும் போகாது என்றுதான் அந்தச் சட்டம் சொன்னது. ஆகவே சேரியில் பிறந்த பெண்ணுக்கு இரண்டும் உண்டு. மாதம் மூன்று நாள் ஒன்று, வாழ்நாள் முழுக்க மற்றொன்று.

தீட்டுத் துணியை யார் துவைத்தார்கள் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மாதவிலக்கு, பிரசவம், சாவு, இந்த மூன்றின் துணிகளையும் ஊருக்கு வெளுத்துக் கொடுத்தவர்கள் வண்ணார் பெண்கள். தலித் மக்களுக்கும் அதே வேலையைச் செய்த புதிரை வண்ணார்கள், தீண்டாமைக்குள்ளும் தீண்டாமையை அனுபவித்தார்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) அந்த வாழ்க்கையைத்தான் எழுதியது. நம் தெருக்களும் இதில் சுத்தமில்லை என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். துணி போய் நாப்கின் வந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நாப்கினைச் சுற்றி உலர் கழிவுத் தொட்டியில் போடச் சொல்லின. நடைமுறையில் குப்பையோடு குப்பையாக வரும் நாப்கின்களை வெறுங்கையால் பிரித்தெடுப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் யார் என்று நமக்குத் தெரியும்.

இனி மருத்துவத்தின் வரலாறு. அறிவியலும் நீண்ட காலம் தீட்டின் பக்கம்தான் நின்றது. 1920இல் பேலா ஷிக் என்ற மருத்துவர், மாதவிடாயில் இருக்கும் பெண் தொட்டால் பூ வாடுகிறது, அவள் உடலில் ஒரு நஞ்சு இருக்கிறது என்று எழுதினார். 'மெனோடாக்சின்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். நம் ஊரில் ஊறுகாய்ப் பானையைத் தொடாதே என்று சொல்வதன் ஐரோப்பியப் பதிப்பு இது. அப்படி ஒரு நஞ்சு இல்லை.

1957இல் பிக்கிள்ஸ் என்ற ஆய்வாளர், மாதவிடாய்க் கசிவில் தசையைச் சுருங்கவைக்கும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். அந்தப் பொருளின் பெயர் புரோஸ்டாகிளாண்டின். கருப்பையின் உட்சுவர் உரியும்போது இது சுரக்கிறது. கருப்பைத் தசை இறுகுகிறது, அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது, வலி வருகிறது. சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி வருவதும் இதனால்தான். 1971இல் ஜான் வேன், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் இந்தப் பொருள் உருவாவதையே தடுக்கின்றன என்று காட்டினார். அந்த ஆய்வுக்காக 1982இல் அவர் உட்பட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாதவிடாய் வலி கற்பனை, பெண்ணின் பலவீனம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்ற பேச்செல்லாம் அன்றே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அறிவு வந்தது, ஆனால் நம் பெண்களிடம் அது வேறு வடிவத்தில் வந்து சேர்ந்தது. மேற்குத் தமிழ்நாட்டின் நூற்பாலைகளையும் ஆயத்த ஆடைத் தொழிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று ஆண்டு வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று சொல்லி ஏழைக் குடும்பங்களின் பெண்களை அழைத்துப் போனார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் தலித் பெண்கள். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் ஏறக்குறைய 100 ஆடைத் தொழிலாளர்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் பெயர் இல்லாத மாத்திரை கொடுக்கப்படுகிறது, விடுப்பு கொடுக்கப்படுவதில்லை என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். வலியைக் குறைக்கும் மாத்திரை கெட்டதில்லை. ஆனால் என்ன மருந்து, எத்தனை வேளை, என்ன பக்கவிளைவு என்று சொல்லாமல் கொடுப்பது மருத்துவம் ஆகாது. இயந்திரம் நிற்காமல் ஓட எண்ணெய் ஊற்றுவதும் அதுவும் ஒன்றுதான்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. அங்கிருந்து ஒவ்வோர் ஆண்டும் கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களில் தலித்துகளும் நாடோடிச் சமூகத்தினரும் ஏராளம். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு அரிவாள் கணக்கு. ஒரு நாள் வராவிட்டால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம். வயலில் கழிப்பறை இல்லை, தண்ணீர் இல்லை. வெள்ளைப்படுதல், அதிக ரத்தப்போக்கு, வயிற்றுவலி என்று தனியார் மருத்துவமனைக்குப் போன பெண்களுக்குக் கருப்பையையே எடுத்துவிடச் சொன்னார்கள். புற்றுநோய் வரும் என்று பயமுறுத்தியதாகவும் பலர் சொன்னார்கள். 2019இல் அரசுக் குழுவின் கணக்கெடுப்பில் 82,309 பெண் கரும்பு வெட்டும் தொழிலாளர்களில் 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஆறில் ஒருவர். தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. இன்று அது 17ஆவது பிரிவு. தீண்டாமையைச் சாதி, மதத்தோடு மட்டும் கட்டிவிட நசிருதீன் அகமது ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை நிராகரித்தது. தீண்டாமைக்கு வரையறை இல்லாவிட்டால், குறிப்பிட்ட நாட்களில் பெண்களைத் தீண்டத்தகாதவர்களாக நடத்துவதும் இதில் வருமே என்று கே.டி.ஷா அன்றே கேட்டார். சபை வரையறை எழுதாமலே பிரிவை நிறைவேற்றியது. எழுபது ஆண்டு கழித்து, 2018 செப்டம்பர் 28 அன்று சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் இந்த விவாதத்தை எடுத்துப் பேசி, மாதவிடாயைக் காட்டி விலக்கிவைப்பதும் 17ஆவது பிரிவுக்குள் வரும் என்று எழுதினார். நீதிபதி இந்து மல்கோத்ரா அதை ஏற்கவில்லை. வழக்கு பிறகு பெரிய அமர்வுக்குப் போனது. அந்தத் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், கஜா புயல் இரவில் தஞ்சை மாவட்டத்தில் வயதுக்கு வந்ததற்காகத் தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்தாள்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? தீட்டு என்று சொல்லி மறைத்துவைத்த இடத்தில் நோயும் மறைந்துகொள்கிறது. ஆகவே நம் படிப்பு வட்டங்களில், மாணவர் விடுதிகளில் இவற்றை வெளிப்படையாகப் பேசுவோம்.

ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 24 முதல் 38 நாட்கள் என்பது இயல்பு. வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகள் முன்னே பின்னே இருக்கலாம். ரத்தப்போக்கு எட்டு நாளைத் தாண்டினால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், பெரிய கட்டிகளாகப் போனால், மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீர்க்கட்டிப் பிரச்சினை, தைராய்டு, கருப்பையில் நார்க்கட்டி, ரத்தம் உறையாத கோளாறு, கர்ப்பம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பலவற்றைக் காட்டிவிடும்.

வலிக்கு வெந்நீர் ஒத்தடமும் உடற்பயிற்சியும் உதவும். இபுபுரூஃபன், மெஃபனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகளை வலி தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு எடுத்தால்தான் நன்றாகக் கேட்கும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. மாத்திரைக்கும் அடங்காமல், வகுப்புக்கும் வேலைக்கும் போகவிடாமல் மாதாமாதம் வலித்தால் அது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். உலகில் பத்துப் பெண்களில் ஒருவருக்கு அது இருக்கிறது. கண்டுபிடிக்கப் பல ஆண்டு ஆகிறது, ஏனென்றால் பொறுத்துக்கொள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ரத்தசோகையை மறக்க வேண்டாம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். மாத்திரையைத் தேநீரோடு சேர்க்காதீர்கள். துணி பயன்படுத்துபவர்கள் அதைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். இருட்டு மூலையில் ஒளித்துக் காயவைப்பது தீட்டு சொல்லிக்கொடுத்த பழக்கம்.

கருப்பையை எடுக்கச் சொன்னால், வேறு சிகிச்சை உண்டா என்று கேளுங்கள், இன்னொரு மருத்துவரிடம், முடிந்தால் அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். மாத்திரை கொடுத்தால் பெயர் கேளுங்கள். படித்தவர்கள் நாம். நம் அம்மாக்கள், அத்தைகள் மருத்துவமனைக்குப் போகும்போது கூடப் போவதும் இயக்க வேலைதான்.

பிகார் அரசு 1992இலேயே தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் மாதவிடாய் விடுப்பு கொடுத்தது. கேரளப் பல்கலைக்கழகங்களில் 2023 முதல் மாணவிகளுக்கு வருகைப்பதிவில் சலுகை உண்டு. நல்லதுதான். ஆனால் கரும்பு வெட்டுபவருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் இந்த ஏற்பாடுகளில் இடம் இல்லை. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன், பெண்ணின் உழைப்பால் லாபம் அடைபவர் அந்தச் செலவில் பங்கு ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். கழிப்பறை, தண்ணீர், கூலி பிடிக்காத ஓய்வு என்ற இன்றைய கோரிக்கைகளை நாம் அங்கிருந்தே தொடங்கலாம்.

படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதிய அந்தப் பிள்ளை உள்ளே வர வேண்டும். அவளுக்கு வயிறு வலித்தால் என்ன செய்வது என்றும் அந்த வகுப்பறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் நம் கோரிக்கை.

ஜெய்பீம்.