மேற்கோள் எண்ணிக்கையும் துறை வேறுபாடும்: ஒரு வரலாற்று நோக்கு

ஓர் ஆய்வாளரின் பணியைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்பதைக் கொண்டு அவரது தகுதியை அளக்கும் வழக்கம் இன்று பல துறைகளில் வேரூன்றியுள்ளது. இவ்வளவை முதலில் எதனை அளக்கத் தோன்றியது, பின்னர் எதனை அளக்கப் பயன்பட்டது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

1927இல் கிராஸ், கிராஸ் என்னும் இருவர், அமெரிக்க வேதியியல் கழக ஆய்விதழின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியில் காணப்பட்ட மேற்கோள்களை எண்ணினர். சிறிய கல்லூரி நூலகம் எந்த ஆய்விதழ்களை வாங்க வேண்டும் என்பதே அவர்கள் வினா. ஜெர்மன் மொழி இதழ்கள் பெற்றிருந்த உயர்ந்த இடம் இவ்வெண்ணிக்கையால் வெளிப்பட்டது. வேதியியல் மாணவர்க்கு அம்மொழியறிவு தேவை என்பதும் புலனாயிற்று. இங்கு எந்த அறிஞரும் அளக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

எஸ். ஆர். இரங்கநாதன் 1948இல் 'நூலக அளவையியல்' என்னும் கருத்தை முன்வைத்தபோதும் நூலகப் பணியே அவர் நோக்கமாக இருந்தது. யூஜின் கார்ஃபீல்டு 1955இல் அறிவியலுக்கென மேற்கோள் அடைவு ஒன்றை முன்மொழிந்தார். ஒரு தீர்ப்பு பின்வந்த வழக்குகளில் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என வழக்கறிஞர்க்குக் காட்டும் பொருட்டு 1873 முதல் அமெரிக்காவில் வெளிவந்த ஷெப்பர்டின் அடைவே அவருக்கு முன்மாதிரி. வேதிப்பெயர்களை மூலக்கூறு வாய்பாடுகளாக மொழிபெயர்க்கும் நெறிமுறை குறித்து 1961இல் அமைப்பு மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர் என்பதை மொழியியலார் அறிதல் தகும். 613 ஆய்விதழ்களை உள்ளடக்கிய அவரது அறிவியல் மேற்கோள் அடைவு 1964இல் நூலாக வெளிவந்தது. தேடுவதற்கென அமைந்த இக்கருவி, காலப்போக்கில் ஆளை எடைபோடும் கருவியாயிற்று.

இம்மாற்றத்தின் உச்சம் இயற்பியலார் ஹிர்ஷ் 2005இல் வகுத்த 'எச்' குறியீட்டெண். ஒருவரின் 20 வெளியீடுகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 மேற்கோள்களைப் பெற்று, 21 வெளியீடுகள் அவ்வாறு 21 பெறாதிருப்பின், அவரது எண் 20 ஆகும். உயிரியலாரின் எண்கள் இயற்பியலாரின் எண்களைவிட மிக உயர்ந்திருப்பதை ஹிர்ஷே சுட்டியுள்ளார். ஒரு துறையில் கட்டுரைக்கு எத்தனை மேற்கோள் தருவது வழக்கமோ, அவ்வழக்கமும் எண்ணுள் அடங்கிவிடுகிறது. இதனைச் சரிசெய்ய, ஒரு கட்டுரையின் மேற்கோள்களை அத்துறையின் அவ்வாண்டுச் சராசரியால் வகுக்கும் முறையை ராடிக்கி முதலியோர் 2008இல் ஆராய்ந்து முன்வைத்தனர்.

எனினும், அடைவில் இடம்பெறாததை எவ்வகுத்தலும் ஈடுசெய்ய இயலாது. சமூக அறிவியலுக்கு 1973இலும், கலை, மானிடவியல் புலங்களுக்கு 1978இலும் தனி அடைவுகள் வந்தன. எனினும் அவையும் ஆய்விதழ்களையே பெரிதும் சார்ந்திருந்தன. நூல்களுக்கான அடைவு 2011இல்தான் தோன்றியது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984) திராவிட மொழியியலார் நாள்தோறும் கையாளும் நூல். இத்தகைய அகராதி ஒன்றை மட்டுமே படைத்த ஒருவர் ஆயிரம் முறை மேற்கோள் பெறினும் அவரது 'எச்' எண் 1 மட்டுமே. மொழிபெயர்ப்பாளர் நிலை இதனினும் இரங்கத்தக்கது: மொழிபெயர்ப்பின் வழியே ஒரு நூலைக் கற்றவரும், மேற்கோளை மூல ஆசிரியர் பெயரிலேயே பதிகின்றனர்.

2015இல் வெளியான லெய்டன் அறிக்கையின் பத்து நெறிகளுள் துறை வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளுதலும், வட்டாரச் சார்புள்ள ஆய்வின் சிறப்பைக் காத்தலும் அடங்கும். இவ்விரு நெறிகளும் இந்திய மொழி ஆய்வுக்கு இன்றியமையாதவை. 1927ஆம் ஆண்டின் எண்ணிக்கை, ஒரு மொழியைக் கற்க வேண்டிய தேவையை உணர்த்திற்று. அதன் வழிவந்த அளவைகள், அகராதியும் பதிப்பும் மொழிபெயர்ப்பும் செய்வோரைப் பணியமர்த்தும் குழுக்களின் பார்வையிலிருந்து மறைத்துவிடலாகாது. அக்குழுக்கள் எண்ணைக் காணுமுன், அவ்வெண் எந்த அடைவினின்று பெறப்பட்டது என வினவுதல் வேண்டும்.