முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீட்டில் தேறுதல்: டெங்கில் வட்டாரம்

முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் மருத்துவமனையை விட்டு வந்த நாளிலிருந்து பழைய வேலைக்குத் திரும்பும் வரையுள்ள காலமே வீட்டில் தேறும் காலம். பேச்சுவழக்கில் 'ஜவ்வு விலகிவிட்டது' என்கிறோமே, அந்த வட்டு விலகலுக்குச் செய்யும் சிறிய அறுவை என்றால் பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் ஆகும். திருகாணி போட்டு எலும்புகளை இணைத்திருந்தால், எலும்பு முழுமையாக ஒட்டவே ஆறு மாதம் முதல் ஓராண்டு பிடிக்கும். மருத்துவரின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மிச்சம் வீட்டின் கையில். வீடு எத்தனையாவது மாடி, கழிப்பறை எந்த வகை, அரிசி மூட்டையை யார் தூக்குவது என்பதெல்லாம் இங்கே மருத்துவக் கேள்விகளாகிவிடுகின்றன.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துச் செப்பாங் மாவட்டத்தில், லங்காட் ஆற்றை ஒட்டியுள்ள டெங்கிலில் முதுகுவலிக்கு நீண்ட வரலாறு உண்டு. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் 1921இல் தொடங்கிய பிராங் புசார் ரப்பர் தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்றைய புத்ராஜெயா நிற்கிறது. அந்நகரம் எழுந்தபோது பிராங் புசார், காலோவே, செட்ஜ்லி, மேடிங்லி தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு இடம்பெயர்ந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் வேலை முதுகின்மேல் இன்னும் கனமாக இறங்கியது. நீண்ட கம்பில் அரிவாள் கட்டி, அண்ணாந்து குலையை அறுக்க வேண்டும். விழுந்த குலையைக் குனிந்து எடுத்து வண்டியில் ஏற்ற வேண்டும். ஒரு குலை 20 கிலோ இருப்பது சாதாரணம். இடுப்பின் கீழ்ப்பகுதியிலுள்ள நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலும் அதற்கு அடுத்த மட்டத்திலும்தான் வட்டு அதிகமாக விலகுகிறது. குனிந்து தூக்கும்போது பாரம் விழும் இடமும் அதுவே.

விலகிய வட்டு நரம்பை நசுக்குவதே கால்வலிக்குக் காரணம் என்பதை பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934இல் வெளியிட்ட கட்டுரை நிலைநாட்டியது. அதன் பிறகும் பல ஆண்டுகள், அறுவை முடிந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தும் வழக்கம் இருந்தது. இன்று சிக்கல் இல்லாதவர்களை அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்கவிடுகிறார்கள். ஆனாலும் 'அசையாமல் படு, தையல் விட்டுவிடும்' என்ற பழைய அறிவுரை நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. அன்போடு சொல்லப்படுவதால் அதை மறுப்பதும் கடினம். ஆனால் படுத்தே கிடந்தால் தசை தளரும், மலம் இறுகும், கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடும்.

கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலோ அறுவை முடிந்தால் டெங்கிலுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் காரில் வர வேண்டும். முன் இருக்கையைச் சற்றுச் சாய்த்து, வழியில் ஓரிடத்தில் இறங்கி நின்றுவிட்டு வருவது நல்லது. மின்தூக்கி இல்லாத மாடி என்றால் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரு காலையும் ஊன்றி ஏறலாம். ஏறும்போது வலியில்லாத கால் முதலில், இறங்கும்போது வலியுள்ள கால் முதலில். வீட்டுக்குள் வந்ததும் கற்க வேண்டிய முதல் பாடம் படுக்கையிலிருந்து எழுவது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி மரக்கட்டைபோல் ஒருக்களித்து உருள வேண்டும். பிறகு காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கியபடியே கையை ஊன்றி எழ வேண்டும். மல்லாந்த நிலையிலிருந்து வெடுக்கென்று எழக்கூடாது. தரையில் பாய் விரித்துப் படுப்பவர் சில வாரம் கட்டிலுக்கு மாறித்தான் ஆக வேண்டும்.

முதல் ஆறு வாரத்துக்கு விலக்க வேண்டியவை குனிதல், முறுக்கித் திரும்புதல், பாரம் தூக்குதல். வீட்டைச் சுற்றிப் பார்த்தால் இம்மூன்றும் எங்கெல்லாம் ஒளிந்திருக்கின்றன என்பது தெரியும். குந்தும் கழிப்பறையின்மேல் நடுவில் துளையுள்ள நாற்காலியைப் போட வேண்டும். தொட்டியில் குனிந்து தண்ணீர் மொள்வதற்குப் பதில் இடுப்புயர முக்காலியில் வாளியை வைக்கலாம். 10 கிலோ அரிசி மூட்டையும் கேஸ் தோங் எனும் எரிவாயு உருளையும் வேறொருவர் பொறுப்பு. ஒரே மூச்சில் அரை மணிக்குமேல் உட்கார வேண்டாம். தொலைக்காட்சித் தொடரானாலும் இடையில் எழுந்துவிடுங்கள்.

சாப்பாட்டில் பாட்டி வைத்தியமும் மருத்துவமும் ஓரளவு சேர்ந்தே போகின்றன. புண் ஆற விரால் மீன் சாறு கொடுப்பது மலேசியாவில் தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவருக்கும் பொதுவான பழக்கம். பக்கத்திலுள்ள செர்டாங்கின் புத்ரா பல்கலைக்கழகத்தில் இம்மீனை ஆராய்ந்தும் இருக்கிறார்கள். புரதம் கிடைக்கிறது, கொடுக்கலாம். இறாலையும் கத்தரிக்காயையும் 'கரப்பான்' என்று ஒதுக்குவது, ஒவ்வாமை இல்லாதவருக்குத் தேவையற்றது. சில வலி மாத்திரைகள் மலத்தை இறுக்கும். பப்பாளி, கீரை, போதிய தண்ணீர் அவசியம். எலும்பு இணைப்பு நடந்திருந்தால் சிகரெட்டை அறவே விட வேண்டும், ஏனெனில் எலும்பு ஒட்டுவதை அது தடுக்கிறது. வலிக்கு மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்குவதும் ஆபத்து. எண்ணெய் போட்டு நீவிவிடக் கைராசிக்காரரை அழைத்து வரும் உறவினரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

சம்பளக் கவலை முதுகைவிட அதிகமாகத் தூக்கத்தைக் கெடுக்கும். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் 2023 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, மருத்துவமனைச் சிகிச்சைக்கான ஆண்டுக்கு 60 நாள் சம்பள விடுப்பு சாதாரண மருத்துவ விடுப்பு (எம்.சி.) நாள்களோடு சேர்த்துக் கழிக்கப்படாது. வேலையிலோ வேலைக்குப் போகும் வழியிலோ நேர்ந்த காயமானால் பெர்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தினக்கூலியில் 80 விழுக்காட்டைத் தற்காலிக ஊனத்தொகையாக வழங்கும். விபத்து நாள் உட்படக் குறைந்தது நான்கு நாள் எம்.சி. இருக்க வேண்டும். மலாக்காவில் பெர்கேசோவின் மறுவாழ்வு மையமும் உண்டு. குலை தூக்கும்போது முதுகு பிடித்ததை அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவு செய்தவருக்கு இதெல்லாம் எளிது. 'கொஞ்சம் பிடிப்புதான்' என்று வீட்டுக்கு வந்துவிட்டவர் பின்னர் அதை நிரூபிக்க அலைய நேரும்.

தேறுதலின் முக்கிய மருந்து நடை. முதல் வாரம் வீட்டுக்குள் ஐந்து நிமிடம், நாளைக்கு நாலைந்து முறை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். வெயிலுக்கு முன் தாமான் தெருவே போதும். தெம்பு வந்தபின், பழைய ஈயச் சுரங்க நிலத்தில் உருவான பாயா இண்டா ஈரநிலத்தின் சமதரைப் பாதை இருக்கிறது. கார் ஓட்ட மருத்துவர் அனுமதி வேண்டும். மோட்டார் சைக்கிள் அதற்கும் பின்னர்தான். சாலைப்பள்ளத்தின் அதிர்ச்சி நேரே இடுப்பில் இறங்கும். பத்துமலையின் 272 படிகளில் காவடியோ பால்குடமோ சுமந்து ஏறும் நேர்த்திக்கடனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தால் முருகன் கோபிக்க மாட்டான்.

தையல் பிரிக்கும் நாள் வழக்கமாக 10 முதல் 14 நாளுக்குள் வரும். அதற்கு முன்போ பின்போ காய்ச்சல், புண்ணில் சீழ், எழுந்தால் தலைவலியோடு புண்ணில் தெளிந்த நீர்க்கசிவு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறினாலோ, சிறுநீர் முட்டியும் இறங்காவிட்டாலோ, தொடையிடுக்கும் பிட்டமும் மரத்தாலோ, இரு கால்களும் வலுவிழந்தாலோ விடியும்வரை காத்திருக்கக்கூடாது. வாலைப்போல் கீழிறங்கும் நரம்புக்கொத்து நசுங்கினால் மணிக்கணக்கில் நிலைமை கைமீறும். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் அழைக்க வேண்டிய எண் 999.